பத்து லட்சம் என்றால் எதில் பத்து லட்சம்? ஒரு ராப் ஆல்பத்தின் வரவேற்பை வாசிப்பது எப்படி

ஆல்பம் வந்து ஒரு வாரம் ஆகியிருக்காது. அதற்குள் "பிளாட்டினம் விருது வாங்கிடுச்சு", "நம்பர் ஒன் வந்துடுச்சு, அப்போ நல்ல ஆல்பம்தான்", "கிராமி கிடைக்கலையா, அப்போ ஃபிளாப்" என்று ஆளாளுக்கு அடித்துவிடுவார்கள். பிளாட்டினம் ஒரு விருதே கிடையாது. நம்பர் ஒன் இடம் பாட்டின் தரத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. கிராமிக்கும் விற்பனைக்கும் நேரடிச் சம்பந்தம் ஒன்றும் இல்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாலைந்து கணக்குகளை 'வரவேற்பு' என்ற ஒரே மூட்டையில் போட்டுக் கட்டிவிட்டோம், அதனால்தான் இவ்வளவு குழப்பம்.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரே ஒரு ஆல்பம் போதும். லில் வெய்ன் 2008 ஜூன் 10 அன்று வெளியிட்ட 'த கார்ட்டர் 3'. அமெரிக்க இசைத் துறையில் சிடி வியாபாரம் மளமளவென்று சரிந்துகொண்டிருந்த நேரம் அது. ஆல்பமோ கடைக்கு வருவதற்கு முன்பே இணையத்தில் கசிந்து, வேண்டியவர்கள் எல்லாம் காசு கொடுக்காமல் கேட்டு முடித்துவிட்டார்கள். அப்படியும் முதல் வாரத்தில் அது செய்த காரியத்தைத் துறையில் இருந்த பலரே எதிர்பார்க்கவில்லை. ராப் கேட்கும் பழக்கமே இல்லாதவர்களும் தொடர்ந்து படிக்கலாம், முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியது எதுவும் இல்லை.

தெற்கு என்றால் எந்தத் தெற்கு?

ஹிப் ஹாப் 1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தது. பிறகு மேற்குக் கடற்கரையில் லாஸ் ஏஞ்சல்ஸ் இன்னொரு தலைநகரம் ஆனது. பல ஆண்டுகள் பேச்செல்லாம் இந்த இரண்டு கரைகளைப் பற்றித்தான். அட்லாண்டா, ஹூஸ்டன், மெம்ஃபிஸ், மயாமி, நியூ ஆர்லியன்ஸ் போன்ற தென் மாநில நகரங்களில் இருந்து வந்த ராப்பர்களை நியூயார்க்காரர்கள் கிராமத்து ஆட்களாகத்தான் பார்த்தார்கள். 1995-இல் நியூயார்க்கில் நடந்த 'சோர்ஸ்' பத்திரிகையின் விருது விழாவில் அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் இரட்டையர்களுக்கு சிறந்த புதிய குழு விருது அறிவித்தபோது அரங்கம் ஊளையிட்டது. மேடையேறிய இரட்டையரில் ஒருவரான ஆந்த்ரே, தெற்குக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு இறங்கினார். தென்னக ராப்பின் கதையை யார் எழுதினாலும் அந்த மேடையைத் தாண்டிப் போக மாட்டார்கள்.

லில் வெய்னின் ஊர் நியூ ஆர்லியன்ஸ். 1982-இல் பிறந்தார், ஹாலிகுரோவ் என்ற பகுதியில் வளர்ந்தார், இயற்பெயர் டுவெய்ன் கார்ட்டர். ஆல்பத்தின் பெயரில் இருக்கும் கார்ட்டர் அதுதான். அந்த ஊருக்கு 'பவுன்ஸ்' என்று தனக்கே உரிய ஒரு ஆட்ட இசை உண்டு. வேகமான தாளம், பாடுபவர் ஒன்று கத்தினால் கூட்டம் பதிலுக்குக் கத்தும். அந்தச் சூழலில் வில்லியம்ஸ் சகோதரர்கள் 1991-இல் தொடங்கிய கேஷ் மணி என்ற லேபிளில்தான் வெய்ன் சிறுவனாகவே சேர்ந்தார். லேபிள் என்பது பாடகர்களை ஒப்பந்தம் செய்து, பதிவுக்குப் பணம் போட்டு, ஆல்பத்தை வெளியிடும் நிறுவனம். பதின்வயதில் 'ஹாட் பாய்ஸ்' குழுவில் பாடினார், 1999-இல் முதல் தனி ஆல்பம் வந்தது. லேபிளின் மற்ற பெரிய தலைகள் ஒவ்வொருவராக விலகிப் போக, இவர் மட்டும் தங்கினார். 2004-இல் 'த கார்ட்டர்', 2005 டிசம்பரில் அதன் இரண்டாம் பாகம். மூன்றாவதற்கு இரண்டரை வருடம் ஆனது. அந்த இடைவெளியில் நடந்ததுதான் சுவாரசியம்.

மிக்ஸ்டேப்: கணக்கில் வராத வேலை

'ஸ்டுடியோ ஆல்பம்' என்றால் புதிதாகப் பதிவு செய்து, உரிமங்கள் எல்லாம் வாங்கி, லேபிள் முறைப்படி விற்பனைக்கு விடும் தொகுப்பு. மேடைக் கச்சேரிப் பதிவோ, பழைய ஹிட்டுகளின் தொகுப்போ இதில் சேராது. வெய்னின் ஸ்டுடியோ ஆல்பங்களில் 'த கார்ட்டர் 3' ஆறாவது.

மிக்ஸ்டேப் வேறு ரகம். அன்றைக்கு ஊரில் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு ஒன்றின் பீட்டை, அதாவது குரலுக்கு அடியில் ஓடும் தாளமும் இசையும் சேர்ந்த பகுதியை, அப்படியே எடுத்துக்கொண்டு அதன்மேல் தன் சொந்த வரிகளைப் போட்டு இலவசமாகச் சுற்றவிடுவது. உரிமம் கிரிமம் எதுவும் கிடையாது. விற்பனைக் கணக்கிலும் வராது, வாராந்திர வரிசைப் பட்டியலான சார்ட்டிலும் வராது. 2006-லும் 2007-லும் வெய்ன் இதை வெறி பிடித்தவர் போலச் செய்தார். 2007-இல் வந்த 'டா டிராட் 3' இரண்டு டிஸ்க் நீளம், முழுக்க அடுத்தவர் பீட்டுகள். அசல் பாட்டைப் பாடியவரே வெட்கப்படும் அளவுக்கு அதன்மேல் விளையாடியிருப்பார். இதற்கிடையில் மற்றவர்களின் பாட்டுகளில் விருந்தாளியாக ஒரு சரணம் பாடிவிட்டுப் போவதும் வாராவாரம் நடந்தது. வரிகளை எழுதி வைத்துக்கொள்ளாமல் மனதிலேயே கட்டி மைக் முன் நின்று பாடுவது அவர் பழக்கம் என்பதால் வேகம் குறையவே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. மிக்ஸ்டேப்தான் புதிய பாடகருக்கு விளம்பரம் என்று லேபிள்களுக்குத் தெரியும், கண்டும் காணாமல் இருந்தன. ஆனால் 2007 ஜனவரியில், வெய்னின் 'டெடிகேஷன்' மிக்ஸ்டேப்புகளைத் தொகுத்த டிஜே டிராமாவின் அட்லாண்டா ஸ்டுடியோவில் போலீஸ் புகுந்து ஆளைக் கைது செய்தது. குற்றச்சாட்டு, திருட்டுப் பிரதி விற்பனை. சோதனைக்குத் துணை நின்றது அமெரிக்க இசைப்பதிவுத் துறைச் சங்கம். லேபிள்களின் சங்கம்தான் அது. பிளாட்டினம் கொடுப்பதும் அதே சங்கம். கொஞ்ச நேரத்தில் அதற்கு வருவோம்.

மூன்றாம் பாகத்துக்கென்று பதிவு செய்த பாட்டுகளும் ஒவ்வொன்றாகக் கசிய ஆரம்பித்தன. கசிந்த பாட்டை ஆல்பத்தில் வைத்து என்ன பயன் என்று பலவற்றைத் தள்ளிவிட்டு மறுபடி பதிவு செய்தார்கள், தேதி தள்ளிப்போனது, தள்ளிப்போனதால் இன்னும் கசிந்தது. கடைசியில் வெளியே போன ஐந்து பாட்டுகளை 2007 கிறிஸ்துமஸ் அன்று 'த லீக்' என்றே பெயர் வைத்து முறைப்படி விற்பனைக்கு விட்டார்கள். துணிச்சல்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஆல்பம் கடைக்கு வரும் முன்பே வெய்னுக்குப் பெரிய கூட்டம் சேர்ந்திருந்தது, ஆனால் அந்தக் கூட்டத்தை எந்த அதிகாரப்பூர்வக் கணக்கும் எண்ணவில்லை.

பில் போட்டால்தான் கணக்கு

ஒரு ஸ்வீட் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளி வாரத்தில் கல்லாவில் எத்தனை பாக்கெட்டுக்கு பில் போட்டார்கள் என்பது ஒரு எண். சமையற்கட்டில் இருந்து கிளைகளுக்கு எத்தனை பாக்கெட் அனுப்பினார்கள் என்பது இன்னொரு எண். தெருவில் நாக்கு நீளமான நாலு பேர் தின்றுவிட்டு என்ன சொன்னார்கள் என்பது மூன்றாவது. ஊரில் உள்ள சமையல்காரர்கள் கூடி யாருக்கு மாலை போட்டார்கள் என்பது நான்காவது. நாலும் ஒரே மைசூர்பாகைப் பற்றியதுதான், ஆனால் ஒன்றை வைத்து மற்றதைச் சொல்ல முடியாது. ஆல்பத்திலும் நாலு கணக்கு இப்படித்தான்.

முதலில் கல்லா. அமெரிக்காவில் ஆல்பங்களின் வாராந்திர வரிசையை 'பில்போர்டு' பத்திரிகை வெளியிடுகிறது. 200 இடங்கள் கொண்ட அந்தப் பட்டியலைத்தான் சார்ட் என்கிறார்கள். 1991 மே மாதம் வரை இதைத் தயாரித்த விதம் சிரிப்பை வரவழைக்கும். கடைகளுக்குப் போன் போட்டு, இந்த வாரம் எதெல்லாம் நன்றாகப் போகிறது என்று கேட்பார்கள். கடைக்காரர் வாய்க்கு வந்ததைச் சொல்வார். சில சமயம் தன்னிடம் தேங்கிக் கிடப்பதையே நன்றாகப் போகிறது என்பார், சில சமயம் லேபிள்காரரின் கவனிப்புக்கு நன்றிக்கடன் செலுத்துவார். பிறகு சவுண்ட்ஸ்கேன் என்ற முறை வந்தது. உறையில் இருக்கும் பார்கோடைக் கல்லாவில் ஸ்கேன் செய்யும்போதே விற்பனை பதிவாகி வாரக் கடைசியில் மொத்தமாகப் போய்ச் சேரும். முறை மாறிய அடுத்த மாதமே என்.டபிள்யூ.ஏ என்ற ராப் குழுவின் ஆல்பம் முதலிடத்துக்கு வந்தது. ராப்பையும் கன்ட்ரி இசையையும் இத்தனை நாள் குறைத்தே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. கேட்பவர்கள் அப்படியேதான் இருந்தார்கள், எண்ணும் விதம் மாறியது, அவ்வளவுதான்.

'த கார்ட்டர் 3' முதல் வாரத்தில் அமெரிக்காவில் விற்றது 10,05,545 பிரதிகள். சார்ட்டில் நேராக முதலிடம். ஒரே வாரத்தில் பத்து லட்சத்தைத் தாண்டிய ஆல்பம் அதற்கு முன்னால் கடைசியாக வந்தது 2005 மார்ச்சில், 50 சென்ட் என்ற ராப்பரின் 'த மேசக்கர்', அதன்பின் மூன்று வருடங்களுக்கு மேல் யாரும் இல்லை. 2007 செப்டம்பரில் கான்யே வெஸ்ட்டும் 50 சென்ட்டும் ஒரே நாளில் ஆல்பம் விட்டு மோதிக்கொண்டதைப் பெரிய திருவிழாவாகக் கொண்டாடினார்கள். அதில் ஜெயித்த கான்யேவுக்கே கிடைத்தது 9 லட்சத்து 57 ஆயிரம். வெய்னுக்குப் பிறகு அடுத்த பத்து லட்சம் வாரம் 2010-இல், டெய்லர் ஸ்விஃப்ட்டின் 'ஸ்பீக் நவ்'. அமெரிக்காவில் 2007-இல் மொத்தம் சுமார் 50 கோடி ஆல்பங்கள் விற்றன, 2008-இல் அது சுமார் 42.8 கோடியாக இறங்கியது. இந்தச் சரிவின் நடுவில் வைத்துப் பார்த்தால்தான் பத்து லட்சத்தின் எடை தெரியும். 1999-இல் இதே எண் வந்திருந்தால் இவ்வளவு வாய் பிளந்திருக்க மாட்டார்கள்.

அந்த ஆண்டு அமெரிக்காவில் அதிகம் விற்ற ஆல்பமும் இதுதான், சுமார் 28.7 லட்சம். இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். ஆண்டு முழுவதும் விற்றதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முதல் ஏழு நாளிலேயே போய்விட்டது. அப்படியென்றால் முதல் வார எண் எதை அளக்கிறது? ஆல்பம் எப்படி இருக்கிறது என்பதை அல்ல, ஏனென்றால் வாங்கியவர்களில் பெரும்பாலோர் முழுதாகக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டு வாங்கவில்லை. காத்திருப்பு எவ்வளவு பெரியது என்பதைத்தான் அளக்கிறது. மிக்ஸ்டேப்புகளில் கணக்கு வைக்காமல் சேர்த்த கூட்டம் ஜூன் மாதத்தில் வந்து பில் போட்டது.

கசிந்ததால்தான் விற்றது, எனவே கசிவு நல்லது என்று இதை வைத்து வாதாடுபவர்கள் உண்டு. அவ்வளவு தூரம் போக வேண்டாம். கசிந்து படுத்த ஆல்பங்களின் பட்டியல் அதைவிட நீளம். வெய்னுக்கு ரேடியோவும் கைகொடுத்தது. மார்ச்சில் வந்த 'லாலிபாப்', பில்போர்டின் தனிப்பாட்டுப் பட்டியலான ஹாட் 100-இல் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. அவருடைய முதல் நம்பர் ஒன் பாட்டு. சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோட்யூன் மென்பொருளைத் திருத்தத்துக்குப் பயன்படுத்தாமல், குரலையே வழுக்கிக்கொண்டு போகும் ஒரு வாத்தியமாக அதில் மாற்றியிருப்பார்கள். அந்த மென்பொருளை உருவாக்கியவர் அதற்கு முன் எண்ணெய்க் கம்பெனிகளுக்காக நிலத்தடி அதிர்வலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர் என்பது உபரித் தகவல். பாட்டில் உடன் பாடிய ஸ்டாடிக் மேஜர் அது வெளியாகும் முன்பே, 2008 பிப்ரவரியில் இறந்துவிட்டார்.

ஆக, சார்ட் என்பது ஒரு வாரத்தில் கல்லாவைத் தாண்டியவற்றின் வரிசை. பக்கத்தில் போட்டிக்கு யார் இருந்தார் என்பதையும் அது பொறுத்தது; குறைவாக விற்றும் முதலிடம் வரலாம், நிறைய விற்றும் இரண்டாமிடத்தில் நிற்கலாம்.

பிளாட்டினம்: கேட்டு வாங்கும் சான்றிதழ்

பெரும்பாலோர் சறுக்கும் இடம் இது. 'கோல்டு', 'பிளாட்டினம்' இரண்டும் இசைப்பதிவுத் துறைச் சங்கம் தரும் சான்றிதழ்கள். 5 லட்சம் என்றால் கோல்டு, 10 லட்சம் என்றால் பிளாட்டினம், ஒரு கோடி என்றால் டயமண்ட். போட்டி கிடையாது, நடுவர் கிடையாது, ஓட்டு கிடையாது. லேபிள் விண்ணப்பம் போட்டு, கட்டணம் கட்டி, கணக்கைத் தணிக்கைக்குக் கொடுத்தால் சரிபார்த்துத் தருவார்கள். விண்ணப்பிக்காவிட்டால் எவ்வளவு விற்றாலும் சான்றிதழ் வராது. பழைய ஆல்பம் ஒன்று திடீரென்று இந்த வருடம் மூன்று பிளாட்டினம் ஏறினால், இந்த வருடம் விற்பனை பொங்கியது என்று அர்த்தமில்லை; யாரோ இப்போதுதான் பேப்பரை அனுப்பியிருக்கிறார்கள்.

சிடி காலத்தில் சங்கம் எண்ணியது கல்லாவை அல்ல. லேபிளிடமிருந்து கடைகளுக்குப் போன பிரதிகளை எண்ணி, திரும்பி வந்ததைக் கழித்தது. கிளைக்கு அனுப்பிய பாக்கெட் கணக்கு. அதனால்தான் சவுண்ட்ஸ்கேன் ஒரு எண் சொல்லும், சங்கத்தின் சான்றிதழ் வேறு எண் சொல்லும், இருவரில் யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னொரு வளைவும் உண்டு. ஓடும் நேரம் 100 நிமிடத்தைத் தாண்டும் இரட்டை ஆல்பத்தில் ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனியே எண்ணலாம் என்பது விதி. சோர்ஸ் மேடையில் ஊளை வாங்கிய அதே அவுட்காஸ்ட் 2003-இல் வெளியிட்ட 'ஸ்பீக்கர்பாக்ஸ்/த லவ் பிலோ' இரண்டு டிஸ்க். அது 11 மடங்கு பிளாட்டினம் வாங்கி டயமண்டுக்குள் போனபோது ஒரு கோடியே பத்து லட்சம் பேர் வாங்கினார்கள் என்று எழுதியவர்கள் உண்டு. கணக்குப்படி அது 55 லட்சம் செட். அதுவே பிரம்மாண்டம்தான், ஊதிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

ஸ்ட்ரீமிங் வந்த பிறகு இன்னும் சிக்கல். சிடி யார் வாங்குகிறார்கள்? 2014 டிசம்பர் முதல் பில்போர்டும், 2016 பிப்ரவரி முதல் சங்கமும், ஆல்பத்தில் உள்ள பாட்டுகள் 1500 முறை ஸ்ட்ரீம் ஆனால் ஒரு ஆல்பம் விற்றதாகக் கணக்கு என்று வைத்தார்கள். பிறகு பில்போர்டு காசு கட்டிக் கேட்பவருக்கு ஒரு விகிதம், விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பவருக்கு வேறு விகிதம் என்று பிரித்தது. சங்கத்தின் விதி மாறிய கையோடு ராப்பர் கென்ட்ரிக் லமாரின் ஆல்பம் ஒன்று பிளாட்டினம் ஆனது. வாழ்த்துச் சொல்ல வேண்டிய அவரது லேபிள் தலைவரே, பத்து லட்சம் விற்றால்தான் எங்களுக்கு பிளாட்டினம், இதை ஏற்கமாட்டோம் என்று கோபப்பட்டார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2016-இல் பழைய தராசையே பிடித்துக்கொண்டிருந்தால் யாருக்குமே எதுவும் கிடைத்திருக்காது.

அதனால் 2008-இன் பிளாட்டினமும் இன்றைய பிளாட்டினமும் ஒரே பெயர் வைத்துக்கொண்ட இரண்டு வேறு அளவுகள். இரண்டையும் பக்கத்தில் வைத்து யார் பெரியவர் என்று சண்டை போடுவது வெட்டி வேலை.

விமர்சகர்கள் சொன்னது, 84 சொல்லாதது

மூன்றாவது கணக்கு நாக்கு. மெட்டாக்ரிட்டிக் என்ற தளம் பத்திரிகை விமர்சனங்களைத் திரட்டி, ஒவ்வொன்றையும் நூற்றுக்கு இத்தனை என்று மாற்றி, சில பத்திரிகைகளுக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சராசரி போடுகிறது. 'த கார்ட்டர் 3'-க்கு 84. நல்ல மதிப்பெண்தான். ஆனால் சராசரியின் குணம் தெரியுமே: எல்லோரும் ஒரே மாதிரி லேசாகப் பாராட்டினாலும் 84 வரும், பாதிப் பேர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு பாதிப் பேர் முணுமுணுத்தாலும் கிட்டத்தட்ட அதே எண்தான் வரும். இந்த ஆல்பத்தைப் பற்றிப் படித்தால் ஒரே விமர்சனத்துக்குள்ளேயே இரண்டும் இருக்கும். ஒழுங்கில்லை, சிதறிக் கிடக்கிறது என்பார்கள். அடுத்த வரியிலேயே, இப்படி ஒரு கற்பனை ஓட்டம் வேறு யாரிடமும் இல்லை என்பார்கள்.

ஏன் அப்படி என்று கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். 'எ மில்லி' பாட்டின் பீட்டைச் செய்தவர் பங்களாதேஷ் என்ற பெயர் வைத்துக்கொண்ட தயாரிப்பாளர். எ டிரைப் கால்டு குவெஸ்ட் குழுவின் பழைய பாட்டு ஒன்றின் ரீமிக்ஸில் இருந்து ஒரு துணுக்குக் குரலை வெட்டி, கனமாக்கி, பாட்டு முழுக்க நிறுத்தாமல் சுழலவிட்டிருக்கிறார். பழைய பதிவில் இருந்து இப்படி ஒரு துண்டை எடுத்துப் புதுப் பாட்டில் பதிப்பதுதான் சாம்பிள். கீழே ஆழமான டிரம், நடுவில் ஸ்னேர் என்ற சிறு டிரம்மின் படபடப்பு, வேறு எதுவும் இல்லை. மெட்டு கிடையாது, திரும்பத் திரும்ப வந்து மனதில் ஒட்டும் பல்லவியும் கிடையாது. ரேடியோவில் ஓடும் பாட்டுக்கு இருக்க வேண்டியது என்று சொல்லப்படும் எதுவுமே இல்லாமல், மூன்றரை நிமிடத்துக்கு மேல் வெய்ன் மூச்சு விடாமல் ஒரு படிமத்தில் இருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போகிறார். அது ஹாட் 100-இல் ஆறாவது இடம் வரை போனது. அந்தக் கோடையில் ராப்பர்கள் வரிசையில் நின்று இதே பீட்டின்மேல் தங்கள் வரிகளைப் போட்டார்கள். அடுத்தவர் பீட்டில் விளையாடியே பெயர் எடுத்தவரின் பீட்டில் ஊரே விளையாடியது.

'டாக்டர் கார்ட்டர்' நேரெதிர். ஸ்விஸ் பீட்ஸ் செய்த நிதானமான, ஜாஸ் வாசனையுள்ள இசை. வெய்ன் மருத்துவர், நோயாளிகள் எல்லாம் ராப்பர்கள். ஒருவருக்குச் சொந்தச் சரக்கு இல்லாத வியாதி, இன்னொருவருக்குத் தன்னம்பிக்கையும் சொல்வளமும் பற்றாக்குறை. முதல் இருவர் கைவிட்டுப் போகிறார்கள், மூன்றாவது நோயாளி பிழைத்துக்கொள்கிறது. அந்த நோயாளி ஹிப் ஹாப்பேதான். தற்பெருமைதான், ஆனால் கதை கட்டிச் சொன்ன தற்பெருமை. 'டை மை ஹேண்ட்ஸ்' இன்னொரு திசை. ராபின் திக்கோடு சேர்ந்து, 2005-இன் கத்ரினா சூறாவளிக்குப் பிறகு கைகட்டி நிற்க நேர்ந்த தன் ஊரைப் பற்றிப் பாடுகிறார். கடைசிப் பாட்டு பத்து நிமிடத்துக்கு நெருக்கம். ராப் முடிந்ததும் மைக்கை விடாமல் போதைப்பொருள் சட்டம், சிறை என்று பேசிக்கொண்டே இருப்பார். இவற்றுக்கு நடுவில் போலீஸ் பெண்மணியைப் பற்றிய ஒரு காமெடிக் காதல் பாட்டும் உண்டு. ஒரே தட்டில் எல்லாம். என்னைக் கேட்டால், 'லாலிபாப்' ஆல்பத்தை விற்ற பாட்டு, 'எ மில்லி' ஆல்பத்தை நிலைக்க வைத்த பாட்டு, நடுவில் நாலைந்தை எடுத்துவிட்டாலும் யாரும் தேடப் போவதில்லை. 84 என்ற எண்ணில் இதெல்லாம் எங்கே இருக்கிறது?

மாலை போடும் சமையல்காரர்கள்

கிராமியில் ஓட்டுப் போடுபவர்கள் ரசிகர்களும் இல்லை, பத்திரிகைக்காரர்களும் இல்லை. பாடகர்கள், வாத்தியக்காரர்கள், தயாரிப்பாளர்கள், ஒலிப்பதிவாளர்கள் என்று துறைக்குள் இருப்பவர்கள் உறுப்பினராக உள்ள ரெக்கார்டிங் அகாடமிதான் ஓட்டுப் போடுகிறது. 2009 பிப்ரவரி விழாவுக்கு வெய்ன் எட்டுப் பரிந்துரைகளோடு போனார், அந்த ஆண்டில் யாரையும்விட அதிகம். நான்கு வென்றார். சிறந்த ராப் ஆல்பம், 'லாலிபாப்' பாட்டுக்கு ஒன்று, 'எ மில்லி' பாட்டுக்கு ஒன்று. நான்காவது இந்த ஆல்பத்தில் இல்லாத, வேறு ராப்பர்களோடு சேர்ந்து பாடிய ஒரு பாட்டுக்கு. எல்லாவற்றுக்கும் மேலான 'ஆண்டின் சிறந்த ஆல்பம்' விருது ராபர்ட் பிளான்ட்டும் அலிசன் கிராஸும் சேர்ந்து பாடிய 'ரெய்சிங் சாண்ட்' ஆல்பத்துக்குப் போனது.

விற்பனையில் யார் முன்னால் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஓட்டுப் போட்டவர்களுக்கு விற்பனை ஒரு கேள்வியே இல்லை, அவர்கள் பெரும்பாலும் வேறு வகை இசையில் ஊறியவர்கள். அதுவரை அந்தப் பெரிய விருதைத் தொட்ட ஹிப் ஹாப் ஆல்பங்கள் இரண்டுதான்: லாரின் ஹில்லின் ஆல்பம் 1999-இல், அவுட்காஸ்டின் அந்த இரட்டை ஆல்பம் 2004-இல். இரண்டிலுமே பாட்டும் மெட்டும் ராப்புக்குச் சமமாக நிற்கும் என்பதைக் கவனியுங்கள். 'எ மில்லி' மாதிரி மொட்டையான பீட்டில் மூச்சு விடாமல் பேசும் ஒருவருக்கு அந்தக் கூட்டத்தில் பெரும்பான்மை கிடைப்பது கஷ்டம். ராப் பிரிவுகளில் விருதுகளைத் தந்துவிட்டுப் பெரிய கதவை மூடிக்கொள்வது கிராமியின் பழைய பழக்கம், இதைப் பற்றி ராப்பர்கள் இன்றுவரை சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இப்போது கேட்க உட்கார்ந்தால்

ஒரு எச்சரிக்கை: வசைச்சொல்லும் ஆபாசமும் தாராளம், குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் ஹெட்போன். 'எ மில்லி'யில் தொடங்கி, 'டாக்டர் கார்ட்டர்', 'டை மை ஹேண்ட்ஸ்', அப்புறம் 'லாலிபாப்' என்ற வரிசையில் போனால் நாலு வேறு வெய்ன்களையும் பார்த்துவிடலாம். ராப்பர் ஜே-ஸி கூடப் பாடும் 'மிஸ்டர் கார்ட்டர்' அதற்குப் பிறகு. ஜே-ஸியின் இயற்பெயரிலும் கார்ட்டர் இருப்பதால் வந்த பாட்டு அது.

நீங்கள் கேட்கப்போவது 2008 ஜூனில் பத்து லட்சம் பேர் வாங்கிய அதே ஆல்பம்தானா என்றால், முழுக்க இல்லை. அதில் 'பிளேயிங் வித் ஃபயர்' என்று ஒரு பாட்டு இருந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 1965-ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் சாயல் அதில் இருக்கிறது என்று, அந்தப் பழைய பாட்டின் உரிமையை வைத்திருந்த ஏபிகேசிஓ நிறுவனம் ஆல்பம் வந்த அடுத்த மாதமே வழக்குப் போட்டது. பிறகு பாட்டை எடுத்துவிட்டு வேறொன்றை அந்த இடத்தில் வைத்தார்கள். முதல் வாரத்தில் வாங்கிய சிடிகளில் அது இருக்கிறது, விமர்சகர்கள் கேட்டுவிட்டு எழுதியதிலும் இருந்தது, மாற்றிய பதிப்பில் அந்த இடத்தில் இருப்பது வேறு பாட்டு.